ஒன்று குறைகிறது

வால்டிவியாவில் மழை, மூன்றாம் வாரமாய்.
அறுவை அறையில்
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எண்ணுகிறேன்.
வந்தவை எழுபத்திரண்டு.
ஒசுவால்டோ என்ற படகோட்டியின் சுரப்பிக்குள்
போனவை அறுபத்தெட்டு.
மிச்சம் நான்கு இருக்கவேண்டும்.
மூன்று.

கண்ணை மூடித் திறந்தாலும்
மூன்று.

ஒரு நொய்யரிசி அளவு.
டைட்டானியத் தோல், உள்ளே அயோடின்,
அறுபது நாளைக்கொருமுறை
பாதி பாதியாய் ஆறுகிற கோபம்.

"எண்ணிக்கையில் தவறியிருப்பாய்"
என்கிறார் டாக்டர் அராங்கிஸ், கதவுப் பக்கம் திரும்பி.
மகளுக்கு இன்று பியானோ அரங்கேற்றம்.
என்னைவிட அரையடி உயரம்,
சம்பளத்தில் ஆறடி.
மறித்து நிற்கிறேன்.
"காலைக் காட்டுங்கள், டாக்டர்."
அளவி அவர் காலணிமேல் ஊர்கிறது.
மௌனம்.
போகலாம்.

மில்லாராய் துடைப்பத்தைத் தொடவில்லை,
குழாயைத் திறக்கவில்லை,
குப்பைப் பையைக் கட்டவில்லை.
தேடவேண்டியதை ஓடவிடாதீர்கள் என்று
போன வருடம், எல்லாரும் கொட்டாவி விட்ட
ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் சொன்னேன்.
ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

கீழே சலவை லாரி.
கார்கமோ ஹாரன் அடிக்கிறார்,
ஒருமுறை, பிறகு நீளமாய்.
ஏற்றிய பதினோரு மூட்டைகளையும்
இறக்கச் சொல்கிறேன்.
அவர் சொன்னதில் பாதியை மழை அடித்துப்போனது.
மீதிப் பாதியே போதுமானதாய் இருந்தது.

முதல் மூட்டை, ஊமை.
இரண்டு, மூன்று, நான்கு.
ஏழாவதில் ஒரு முனகல்;
இல்லை, என் காதுதான்.
ஒன்பதாவதில் கருவி
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல்
பொரிந்தது.

பச்சை அங்கியின் கைமடிப்பு.
நீள இடுக்கி.
உடம்பைப் பின்னுக்கு வைத்துக் கையை மட்டும் அனுப்பினேன்.
குப்பிக்குள் விழுந்த சத்தம்
ஒரு மழைத்துளியைவிடச் சின்னது.
நான்கு.

அங்கியின் கழுத்துப்பட்டியில் பெயர் இருந்தது.
வாசிக்கவில்லை.

படிவத்தில் 'யாரால்?' என்று ஒரு கட்டம்.
அதை அடித்துவிட்டு 'எப்படி?' என்று எழுதினேன்:
மடித்த கை பை போலத் திறந்திருந்தது.
நாளை முதல் இறுக்கித் தைத்த கை.
வாசலில் நிலையாக ஓர் அளவி வேண்டும்,
மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

கார்கமோ தொப்பியைப் பிழிந்தபடி,
"அப்படி என்னதான் நடந்தது?"
"ஒன்றும் நடக்கவில்லை."
"ஒன்றும் நடக்காததற்கா மூன்று மணி நேரம்?"
"ஆமாம். அவ்வளவு நேரம் ஆகும்."

மூட்டைகளைத் திரும்ப ஏற்ற
நானும் ஒரு முனை பிடித்தேன்.
ஈரத்தில் இருமடங்கு கனம்.