நாலு மாத்திரை

தனகோடியம்மா பாட்டில் அந்த இடம் தெரியுமில்லையா,
‘காத்தா’ என்று இழுத்து
‘யி’ வருவதற்குள் ஒரு நிறுத்தம்,
நாலு மாத்திரை. சில பேர் ஐந்து என்பார்கள்.
போன வாரம் டிவி போட்டியில் ஒரு சிறுமி
கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிறுத்தினாள்.
நடுவர் எழுந்து மார்பில் கைவைத்தார்,
பக்தி உறைந்த மௌனம் என்றார்.

அன்று குடிகாட்டில் நான்தான் மைக்செட்.
தொண்ணூற்று நாலு, ஆடி, மூன்றாம் வெள்ளி.
பதினொன்றேகாலுக்குக் காத்து திரும்பியது
சிப்காட் பக்கமிருந்து.
அழுகின முட்டையும் நெயில்பாலிஷும் கலந்த வாடை.
முன்வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள்.
உடுக்கை சுந்தரவேல் மட்டும் விடாமல் அடித்தார்,
அவருக்குச் சளி, ஒன்றும் தெரியவில்லை.
அம்மா வாயைத் திறந்தபடி நின்றது,
கண்ணில் தண்ணீர்.
அப்புறம் ‘யி’.
‘யி’ கூட இல்லை, ஒரு விக்கல்.

கேசட் ஓடிய பிறகு
நிறுத்தாமல் பாடினால் ஜனம் விடவில்லை.
நெல்லிக்குப்பத்தில், கரும்பாலை இனிக்கிற காத்தில்,
ஒரே மூச்சில் பாடிக் கடந்தது அம்மா.
‘அங்க நிறுத்தலியே!’ கீழேயிருந்து கூச்சல்.
சிரித்துக்கொண்டே திரும்பப் பாடி
நிறுத்தியது.

மூல டேப் என்னிடம் இருக்கிறது,
ஃபியூஸ் கம்பி டப்பாவில்.
அதில் அந்த இடத்தில் மௌனமே கிடையாது.
நான் இருமுகிறேன்.
கம்பெனிக்காரன் அதை வெட்டி
வேறெங்கிருந்தோ நாலு உடுக்கையடி எடுத்து ஒட்டினான்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.