நாலரை மணி

சுசாகித் துறைமுகத்தில் ஐஸ் ஆலை
இரவு பத்துக்குத் தொடங்கி நாலுக்கு ஓய்கிறது.
சூரைப் படகுகள் கிளம்புமுன்
பாளம் நொறுக்கி அறைகளில் நிரப்ப வேண்டும்.
பாளமொன்று நூற்று முப்பத்தைந்து கிலோ.
கொக்கி போட்டுச் சாய்ப்பது என் வேலை.
ஒருமுறை சங்கிலியில் விரல் மாட்டியது.
கத்தவில்லை.

இதைச் சொல்வது
குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு
ஒன்று உட்கார்ந்திருந்த அன்று
கத்தியதைச் சொல்லத்தான்.
(உள்ளங்கை இல்லை. தீப்பெட்டி அகலம்.
பயத்தின் அளவுகோல் என்னிடம் இருந்தது.)

கீழ்வீட்டு நிஷிகவா அம்மாள் படியேறி வந்து
இடுப்பில் துண்டோடு நின்றவனிடம்
"திருடனா?" என்றாள்.
"கால்" என்றேன்.
வாயில் அவ்வளவுதான் வந்தது.
எட்டிப் பார்த்தாள்.
"அட, நெடுங்காலன். கரப்பானைத் தின்னும்,
வலைகூடக் கட்டாது.
உன்னைவிட நல்ல குடித்தனக்காரன்."
இறங்கிப் போனாள்.

காலையில் கண்ட சிலந்தியைக் கொல்லாதே,
இரவில் கண்டதைப்
பெற்றவள் சாயலே இருந்தாலும் விடாதே
என்பது எங்கள் பக்கத்துச் சொல்.
மணி நாலரை.
வானம் கருத்துக் கிடந்தது.
பேப்பர் போடுகிறவனின் ஸ்கூட்டர் தெருவில் நின்று நின்று போனது.
அவனுக்குக் காலை.
எனக்கு ராத்திரி.
சுவரில் இருந்ததற்கு என்ன பொழுதோ.
செருப்பை ஓங்கியபடி
சட்டம் படிக்காத நீதிபதியாய் நின்றேன்.
அது தீர்ப்புக்குக் காத்திராமல்
துணி துவைக்கும் எந்திரத்தின் பின்னால் போய்விட்டது.

அப்புறம் வீடு இரண்டாயிற்று.
விளக்கைப் போட்டு
இருபதுவரை எண்ணித்தான் நுழைவேன்.
துண்டை உதறுவேன், சட்டையை உதறுவேன்,
சாவிக்கொத்தைக்கூட உதறினேன் ஒருநாள்.
படுக்கையைச் சமையலறைக்கு இழுத்தேன்.
ஜூன் மழையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்தேன்.
மருந்து ஸ்ப்ரே வாங்கினேன்.
டப்பாவின் மேல் அதன் படம்.
படத்தைப் பார்க்க முடியாமல்
டப்பாவுக்குப் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவைத்தேன்.

பயப்படவும் தெம்பு வேண்டும்.
செப்டம்பரில் சூரை திரும்பிற்று, இரட்டை ஷிஃப்ட்,
என்னிடம் தெம்பு இல்லை.
கண்ணாடிக்கு மேலே அது இருக்க
கீழே நின்று பல் தேய்த்தேன்.
மறுநாள் கால்களை எண்ணினேன். ஏழு.
இடப்பக்கம் மூன்றாவது இல்லை.
"எங்கே விட்டாய்?"
கேட்டது என் குரல்தான்.
அந்தக் குளியலறையில் யாரிடமாவது நான் பேசி
இரண்டு வருஷம்.

அக்டோபரில் ஒரு நாலரை மணிக்கு
தொட்டியின் வெள்ளை அடியில்
மடங்கிய கால்களோடு கிடந்தது.
நான் அடிக்கவில்லை.
சாக்ஸ் கழற்றாமல் அப்படியே இருந்தது.
இருந்தும் யாரோ என்னைச் சந்தேகிப்பதுபோல் நின்றேன்.
காகிதம் எடுக்கப் போனவன்
பாதியில் திரும்பி
வெறுங்கையால் எடுத்தேன்.

எடையே இல்லை.
கொக்கி பிடித்துக் காய்த்த கைக்கு
தொட்டதே உறைக்கவில்லை.
தலைப்பக்கம் மூடிபோல் திறந்திருந்தது.
உள்ளே யாருமில்லை.
விரல் உருவிய கையுறையாய்
ஏழு கால்களும் காலி.

விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.
அப்படியானால் அது இருக்கிறது.
அப்படியானால்
முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

முதுகு சில்லிட்டது.
பழைய பயம், பழைய இடத்திலேயே.
கை மட்டும் உதறவில்லை.

தலையை மெல்ல உயர்த்தினேன்.
கதவு நிலைக்கு மேலே
இன்னும் ஈரம் காயாததுபோல், வெளிறி,
எட்டுக் கால்கள்.
இடப்பக்கம் மூன்றாவது குட்டை. புதுசு.

தெருவில் ஸ்கூட்டர் நின்றது.
"விடிந்துவிட்டது" என்றேன் அதனிடம்.
வானம் கருப்பாகத்தான் இருந்தது.

சட்டையைச் சோப்புப் பெட்டியின் மேல் வைத்தேன்,
அதன் சட்டையை.
கதவை ஒரு விரல் அகலம் திறந்தே விட்டேன்.
படுக்கை
இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது.
நாளைக்குப் பார்க்கலாம்.