பிர்ச் இலைவிட்ட வாரம்

சொத்தைப் பிரித்த வருடம் டார்வோ
வைக்கோல் களஞ்சியத்தை எடுத்துக்கொண்டான்.
எனக்கு வீடு, கிணறு, பாதிச் செம்மறிகள்.
ரூட்டர் யாருக்கு என்று
வக்கீலின் தாளில் இல்லை.

நடுவே நூற்று நாற்பது மீட்டர் புல்.
இரண்டு சுவர் தாண்டினாலே
மூச்சு வாங்குகிற சிக்னல்.
முதலில் சாதாரணக் கேபிளை வேலியோரமாய் இழுத்தான்.
நூறு மீட்டருக்கு மேல் ஆகாது என்று
பெட்டியிலேயே எழுதியிருந்தது.
எங்கள் குடும்பத்தில் யாரும் பெட்டியைப் படிப்பதில்லை.
ஆகஸ்டில் ஓர் இடி.
அவன் பக்கமும் கருகல், என் பக்கமும் கருகல்.
சச்சரவில்லாமல் சரிபாதி பிரித்தது
அது ஒன்றுதான்.

நவம்பரில் இரண்டு வெள்ளைத் தட்டுகள் வாங்கினான்.
என் கூரை முகட்டில் ஒன்றோடு நான்,
களஞ்சியத்து ஏணியில் மற்றதோடு அவன்,
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.
"இடப்பக்கம், ஹெல்டி. இன்னும். ஐயோ, அவ்வளவு இல்லை."
"இப்போ?"
"எழுபத்தொன்பது."
குறையக் குறைய நல்லதாம்.
"இப்போ?"
"அறுபது. அசையாதே. மூச்சுகூட விடாதே."
விரல் மரத்துப்போகும்வரை அசையவில்லை.
மூன்று வருடத்தில் நாங்கள் பேசியதிலேயே
நீளமான பேச்சு அதுதான்,
பெரும்பாலும் எண்கள்.

பனிக்காலம் முழுக்க ஓடியது.
இரவு இரண்டு மணிக்கும் அவன் சன்னல் நீலமாயிருக்கும்.
என் காசில் சதுரங்கம் ஆடுகிறான்
என்று கணக்குப் பார்த்தபடி படுப்பேன்.
ஒருநாளும் துண்டித்ததில்லை.

மே மாதம், பிர்ச் இலைவிட்ட வாரம்,
போயிற்று.
மழை விட்ட சாயங்காலங்களில் சுத்தமாய்.
ஈரம் பிடித்த இத்தனூண்டு இலைக்கு
அவ்வளவு தடிமன்.
ரம்பத்தோடு வந்தான்.
மரம் என் பாதியில். நிழல் அவன் பாதியில்.
அடிமரத்தைத் தட்டினான். என்னைப் பார்த்தான்.
"தட்டு மாட்டும்போதே யோசித்திருக்கணும்" என்றேன்.
"அப்போ இலையே இல்லையே" என்றான்.
ரம்பத்தை வேலியில் மாட்டிவிட்டுக்
கடப்பாரை எடுக்கப் போனான்.

சாரெமாவில் மண் ஒரு சாண்தான்,
அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை.
அங்கிருந்து அவன், இங்கிருந்து நான், ஒன்பது நாள்.
நடுவில் வந்து பார்த்தால்
இரண்டு பள்ளமும் ஒரு முழம் தள்ளித் தள்ளிப் போகின்றன.
யார் கோணல் என்று ஒரு மணி நேரம்.
கண்ணாடி இழையை வெடுக்கென்று மடக்கினால்
வெளிச்சம் போகாது.
ஆகவே பத்தாவது நாளும் தோண்டினோம்,
அகலமாய், மெதுவாய், ஒரு வளைவு.

இப்போது மழையோ இலையோ இடியோ
அதற்கு ஒரு பொருட்டில்லை.
குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தோம்,
பின்னால் வேறெதையாவது இழுக்க வேண்டி வந்தால்.
ஒரு முனை என் அடுப்புக்குப் பின்னால் தொங்குகிறது.

நேற்று இரவு அது அசைந்தது.
எலியாகவும் இருக்கலாம்.
நானும் ஒருதரம் இழுத்தேன்.