முன்விளிம்பிலிருந்து எழுபது

குன்னூரில் என் டயர் கடை.
பகலெல்லாம் சக்கரங்களின் நடுக்கம் தீர்க்கிறேன்.
இயந்திரம் சுழற்றிப் பார்த்துச் சொல்லும்:
இங்கே பத்து கிராம், அங்கே ஐந்து.
ஈயத் துண்டை ஒட்டி விளிம்பில் ஒரு தட்டு.
மலையிறங்கும் வண்டி அப்புறம்
கையை உதறாது.

இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இதை மேசையில் வைப்பேன்.
ஹரிக்கேன். பழைய போர் விமானம்,
பத்தில் ஒரு பங்காய், தெர்மாகோலில்.
இதற்கு இயந்திரம் கிடையாது.
இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எழுபது மில்லிமீட்டர்,
இரு பக்கமும் பால்பாயிண்ட் புள்ளி,
புள்ளிக்கு ஒரு விரல்.
தாழ்ந்த இறக்கை, ஆகவே மல்லாத்தித் தூக்கவேண்டும்.
தூக்கினேன்.
கடன் வாங்கிக் கார் எடுத்தவன்போல
மூக்கு நிமிர்ந்து நின்றது.

பேட்டரியை முன்னுக்குத் தள்ளினேன். போதவில்லை.
மூக்குக்குள்
பத்து, பத்து, பத்து,
பிறகு ஓர் ஐந்து.
மறுபடி தூக்க,
எந்தப் பக்கமும் சாயாமல்
சும்மா இருந்தது.
எவ்வளவு நேரம் நின்றேனோ
விரல் மரத்துப்போயிற்று.

துப்பாக்கிக் குழல்கள் எட்டும்
பெட்டியிலேயே கிடக்கின்றன.
சிமியோன் ஒட்டவிடவில்லை.
அருவங்காட்டு வெடிமருந்தில்
ஷிப்ட் முடித்து நேரே வருகிறவன்.
"வேலையில பாக்குறது போதும்."
ஓட்டைகளைச் சிவப்பு டேப்பால் மூடினோம்.
அசலிலும் சிவப்புத் துணியால் மூடுவார்களாம்,
முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகுமாம்.
படித்ததைச் சொன்னேன்.
அவன் பதில் சொல்லாமல்
மேலே இன்னொரு டேப் ஒட்டினான்.

ஜனவரி. ஞாயிறு. அதிகரட்டி கால்பந்து மைதானம்.
புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி.
பேட்டரி குளிருக்குச் சுணங்கும் என்று
ஸ்வெட்டருக்குள் வைத்து, வயிற்றோடு கொண்டுவந்தேன்.
ஆறாயிரத்துச் சொச்சம் அடி.
இங்கே காற்று தண்ணீர் ஊற்றின பால்.
கோயம்புத்தூரில் போதுமான வேகம்
இங்கே போதாது.

ஏலரான் இடம், வலம்.
எலிவேட்டர் மேல், கீழ்.
இரண்டு தடவை பார்த்தேன்.
மூன்றாவது தடவை பார்த்தது பயத்தில்.

சிமியோன் மூன்று எட்டு ஓடி எறிந்தான்.

முங்கியது.
கோல் கம்பத்துக்குள் நுழைந்து
பந்தோடு காத்திருந்த பையன்கள் "கோல்!" என்று கத்த
மறுபக்கம் எழுந்தது.
இடது பக்கம் இழுக்கிறது.
வலத்துக்கு ஒரு கிளிக், இன்னொன்று, நாலு.
கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே அது நேரானபோதுதான்
என் தோள்கள் காதருகே இருப்பது தெரிந்தது.

வெயில் பட்டதும் பள்ளம் மூச்சு விட்டது.
கீழிருந்து மஞ்சு ஏறிவந்து
விமானத்தை எடுத்துக்கொண்டது.
சத்தம் மட்டும். அதுவும் எங்கிருந்தென்று தெரியாமல்.
என் கட்டைவிரல் எதையாவது செய்யத் துடித்தது.
"விட்டுர்றா. கைய எடு."
எடுத்தேன்.
குச்சி தானாய் நடுவில் வந்து நின்றது.
இனி அங்கே நான் இல்லை,
முப்பத்தைந்து கிராம் ஈயம் இருந்தது.

பதினொன்று வரை எண்ணினேன்.

வெளியே வந்தது
நாங்கள் பார்த்திருந்த பக்கம் அல்ல,
முதுகுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே.
இன்னும் ஒரு கிளிக் வலத்துக்கு வைத்திருக்கவேண்டும்;
இடம் இடமாய்ச் சாய்ந்து
மஞ்சுக்குள்ளேயே அரைவட்டம் போட்டிருக்கிறது.
மோட்டார் நின்றது.
கேரட் பாத்தியில் வயிறு தேய்த்து
இலைகளுக்குள் அடங்கியது.

லிங்கம்மாள் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.
எங்களைத் திட்டவில்லை.
"மண்ணத் தட்டிட்டு வைங்க" என்று
தராசைக் காட்டினாள்.
ஒன்று நானூற்று இருபது.
நேற்றிரவு கடையில் ஒன்று நானூற்று முப்பது.
மூக்குக் கவசம் கீறியிருந்தது,
மூன்று பத்தில் இரண்டுதான் உள்ளே.

பாத்தி பாத்தியாய்க் குனிந்து தேடினோம்.
ஈயத்துக்கும் மண்ணுக்கும் ஒரே நிறம்.
"போங்க, மொளச்சா சொல்றேன்" என்றாள்.