காற்று நுழையாத அறை

ஆனி பிறந்த நாலாம் நாள்
காவல்கிணறு ஏற்றத்தில் கொதித்து நின்றது ஆம்னி.
டிப் ஸ்டிக்கை உருவினேன்:
பால் கூடிப்போன டீ நிறத்தில் எண்ணெய்.
தண்ணீரும் எண்ணெயும் உள்ளே
சமாதானம் ஆகிவிட்டன.
அதுகள் சேர்ந்தால் வண்டிக்குக் கேடு.

ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு
இன்னொரு பழைய ஆம்னியே வாங்கலாம்.
"கழட்டத் தெரியும்னா மாட்டவும் தெரியணும்லா?"
என்றாள் பெனிட்டா, டூட்டிக் கோட்டை மடித்துக்கொண்டே.
கேள்வியா சம்மதமா தெரியவில்லை.
சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பணகுடியில் ஆனிக் காற்றுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை.
கணவாய் வழியே வந்து
காற்றாலைகளை எல்லாம் சுற்றிவிட்டு
மிச்சத்தை எங்கள் முற்றத்தில் கொட்டும்,
மண்ணோடு.
சோற்றில் விழுந்தால் துப்பிவிடலாம்.
சிலிண்டரில் விழுந்தால்?

வீட்டில் காற்று நுழையாத அறை ஒன்றுதான்.
கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்தோம்.
ஜன்னலுக்கு நனைத்த போர்வை.
வள்ளியூர் லேத்தில்
ஒரு சைஸ் கூட்டிக் கடைந்து வந்த பிளாக்
நடு அறையில் உட்கார்ந்தது,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி விறைப்பாக.
அதன் பக்கத்தில் பாய் விரித்து
எங்களுக்குப் பதினோரு ராத்திரி.

ஆஸ்பத்திரிப் பழக்கம் அவளுக்கு.
போல்ட் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதினாள்.
'வாட்டர் பம்ப், மேல், இடது.'
'கார்புரேட்டர், குட்டி.'
ஒன்றில் மட்டும்
'தெரியல. அவுககிட்ட கேக்கணும்.'
அவுகளுக்கும் தெரியவில்லை.

காற்றாலையில் வேலை பார்க்கும் சுயம்பு
டார்க் ரெஞ்ச் தருகிறேன் என்று
தோளில் ஒன்றைச் சுமந்து வந்தான்.
கோபுரத்தைப் பூமியோடு முடுக்குகிற சாமான்.
"இது தொட்டா ஒம் போல்ட்டு அழுதுரும்வே" என்று
அவனே திருப்பிக் கொண்டுபோய்
நாகர்கோவில் மச்சானிடம் சின்னது வாங்கி வந்தான்.

ரிங்குகளின் வாய் ஒரே திசை பார்க்கக் கூடாது.
மூன்றும் மூன்று பக்கம் திரும்பினால்தான்
எஞ்சின் எண்ணெய் குடிக்காது.
"நாங்க அண்ணன் தம்பி மூணு பேரு மாதிரி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து
கேம் ஷாஃப்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெட் போல்ட்டுகளை
நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று முடுக்கணும்.
கடைசிச் சுற்றில் கரண்ட் போனது,
நாடெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில்.
இருட்டில் கை நின்றது. எது முடிந்தது, எது பாக்கி?
"அஞ்சு முடிஞ்சிட்டு. ஆறாவதுல இருக்கிய.
நான் டிக் சத்தத்தை எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

ஆம்னிக்கு எஞ்சின் கீழிருந்து ஏற வேண்டும்.
பனந்தடி மேல் வண்டி, ஜாக்கி மேல் எஞ்சின்,
ஜாக்கிக்கு அடியில் பலகை, அதன் அடியில்
மல்லாந்து நான்.
மவுண்டிங் துளை ஒரு நூல் தள்ளி நின்றது.
ஒரே ஒரு நூல்.
அந்த நூலுக்கு ஒன்றரை மணி நேரமும்
நான் சொல்லியிருக்கக் கூடாத நாலைந்து வார்த்தைகளும்.

செல்ஃப் மூன்று முறை முனகியது.
நாலாவதில் பிடித்தது.
புகை வெள்ளையா நீலமா, பார்க்க ஓடினேன்.
காற்று அதை எடுத்துக்கொண்டு
வடக்கன்குளம் பக்கம் போய்விட்டிருந்தது.
எஞ்சின் சூடேறும் வரை காத்திருந்து
பெனிட்டா சைலென்சர் வாயில் பஞ்சு பிடித்தாள்,
ஆள் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதுபோல.
பிழிந்தாள். மோந்தாள்.
கரி. ஈரம் இல்லை.

'தெரியல' போல்ட் மட்டும் தட்டில் மிஞ்சியது.

காலையில் காவல்கிணறு ஏற்றம்.
டேஷ்போர்டில் அது கிடந்து உருண்டது,
பிளாஸ்டரோடு.
உச்சி வரும்வரை நாங்கள் பேசவில்லை.
முள் பாதியில் நின்றது.
அவள் ஜன்னலை இறக்கினாள்.