தெத்துப்பல்

கத்தியை முதலில் கழற்றிவிட வேண்டும், அது விதி.
புல்வெட்டும் இயந்திரம் பந்தயத்துக்கு வந்தால்
புல்லை வெட்டக் கூடாது.
ஐவர் இரண்டு கத்திகளையும் கொட்டகைச் சுவரில் மாட்டினான்,
பிரிந்துபோன மனைவி விட்டுச்சென்ற தொப்பிக்குப் பக்கத்தில்.

பில்லிங்ஸ்ஹர்ஸ்டில் மார்ச் மாதத்து மழை.
அவன் கூரை வேய்கிறவன், மழையில் வேலையில்லை.
நான் பல் செய்கிறவள்.
முகம் பார்க்காமல் செய்கிறவள்:
வாய்கள் எனக்கு மாவுக்கல் அச்சாக வரும், ஓர் எண்ணோடு,
பற்களாகி டப்பாவில் திரும்பிப் போகும்.
எதைக் கடித்தது, எந்தச் சொல்லை நேராக்கியது,
பதினேழு வருடத்தில் ஒருவரும் எழுதிப் போடவில்லை.

கியர்பாக்ஸை மேசையில் கவிழ்த்தோம்.
எட்டு போல்ட். ஒன்பதாவது அழுக்குக்குள் ஒளிந்திருந்தது,
அது தெரியாமல் அரை மணி நேரம்
நெம்பினோம், திட்டினோம், தேநீர் குடித்தோம்.
உள்ளே
ஆறிப்போன களி மாதிரி சாம்பல் நிற கிரீஸ்.
தோட்டத்தைச் சுற்றி மெதுவாகப் போகிறவர்களுக்கு அது போதும்.
வழித்தெறிந்து மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ
இளித்துக்கொண்டு வந்தன பற்சக்கரங்கள்.
எண்ணினேன். என் கை தானாக எண்ணும்.
மூன்றாவது கியரில் ஒரு பல் ஓரம் சிதைந்திருந்தது.
தாங்கும் என்றான் ஐவர்.
சொத்தை என்றேன், தமிழில்.
குரலைக் கேட்டே புரிந்துகொண்டு
ஹார்ஷம் பக்கம் ஒரு பண்ணைக் குப்பைக்கு வண்டி எடுத்தான்.

ரிவர்ஸுக்கென்று ஒரு குட்டிச் சங்கிலி, இரண்டு சக்கரம்.
எடுத்துவிட்டோம். தராசில் முந்நூற்றெண்பது கிராம்.
பின்னால் போக வேண்டுமானால்
இறங்கித் தள்ளிக்கொள்வது.

பல் போனால் சொல் போச்சு.
ஆனால் இங்கே பல் இருந்தது, பிடிதான் இல்லை.
சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற சாவி,
சுண்டுவிரல் நீளம், முனை மழுங்கி, சோப்புத் துண்டாக.
அந்த மாடலுக்கு இனி வராது என்றார்கள் போனில்.

செவ்வாய் இரவு, லேபில் எல்லோரும் போன பிறகு,
கடைவாய்க் கொக்கி செதுக்கும் அதே கத்தியால்
மெழுகில் அதைச் செய்தேன்.
அன்று ஊற்ற ஒரே ஒரு பல்தட்டு பாக்கி:
4471, மேல்தாடை, ஆண், எழுபத்திரண்டு.
கோபால்ட் குரோமியம், ஆயிரத்து நானூறு டிகிரி.
ஒரே மூசையில் உருகி
ஒரு கிளையில் அவர் கொக்கி, மறு கிளையில் எங்கள் சாவி.
மன்னியுங்கள், 4471.
உங்கள் பங்கில் ஒரு குன்றிமணியும் குறைக்கவில்லை.

எஞ்சின் பக்கம் பெரிய கப்பி, கியர் பக்கம் சின்னது.
வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான், சைக்கிள் கடைப் பையன் சொல்வான்.
மூக்கில் வெள்ளை பெயிண்டில் பெயர் எழுதினேன்.
ஒலிபெருக்கிக்காரர் 'டெட்டுபால்' என்றார், அப்புறம்
'ஊதா இயந்திரம்' என்று சுருக்கிக்கொண்டார்.

ஜூன், ஞாயிறு, ஒரு மேய்ச்சல் நிலம்.
ஐம்பத்தொரு கிலோ என்பதால் நான்தான் ஓட்டுகிறேன்.
மணிக்கட்டில் கயிறு:
நான் விழுந்தால் எஞ்சினும் சாகும்.
முதல் வளைவில் என் சொந்தப் பற்கள் கிடுகிடுத்தன.
நேர்ச்சாலையில் நெம்புகோலைத் தள்ளினேன்,
மூன்று
டக்.
கடித்தது.
நான் செய்த ஒன்று கடிக்கிற சத்தம்
அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஒன்பதாவது சுற்றில் பெல்ட் அறுந்தது.
எதற்கும் கணக்குப் பார்க்காதவர்கள்
பெல்ட்டில் நாலு பவுண்டு மிச்சம் பிடித்திருந்தோம்.
டெய்சிப் பூக்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன்,
ஒன்றின் தலையும் போகவில்லை.

இப்போது ஐவரின் தோட்டத்தில் புல் முழங்காலுக்கு.
பக்கத்து வீட்டு பெவர்லி பொறுத்துப் பார்த்துவிட்டு
தன் இயந்திரத்தையே தள்ளிக்கொண்டு வந்தாள், இரவல் தர.
நல்ல வண்டி. பச்சை. போன வருடத்து மாடல்.
நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில்
குனிந்து அடியில் பார்த்தோம்.

அவள் ரிவர்ஸில் திரும்பிப் போனாள்.