கூம்புத் தேடல்

பி.டி.எம். லேஅவுட், நாலாவது மாடி.
ஆகஸ்ட் மேகம் ஒன்பது நாளாக விலகவில்லை.
அதனாலென்ன என்கிறேன் கணினியிடம்,
இன்று முதல் உனக்கு வானம் வேண்டாம்,
வானத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் போதும்.

பகலில் நான் காப்பீட்டு நிறுவனத்தில்
எந்தக் காய்ச்சலுக்குப் பணம் தரக்கூடாது என்று
விதி எழுதுகிறவள்.
இரவில், யாரும் சம்பளம் தராத
ஒரு நட்சத்திர மென்பொருளுக்கு
வாசல் வெட்டுகிறேன்.
உலகத்தின் தொலைநோக்கிகள் எல்லாம்
ஒரே மாதிரி கேட்டால் ஒரே மாதிரி தருவோம் என்று
எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன.
கேட்கத் தெரியாதது எங்கள் பக்கம்தான்.

மூன்று எண்கள்.
கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு,
சுற்றிலும் எத்தனை பாகை.
பூமியில் முனை ஊன்றி
மேலே விரியும் கூம்பு.
‘ஐஸ்கிரீம் இல்லாதது’ என்று
குறிப்பில் எழுதி, அழித்தேன்.

முதலில் கேட்டது கார்த்திகையை.
வந்தவை முன்பின் தெரியாத புள்ளிகள்.
ஆறு பெண்களில் ஒருத்தி கூட இல்லை.
ஒரு மணி நேரம் சர்வரைத் திட்டினேன்.
பிறகுதான் உறைத்தது:
நாங்கள் மணிக்கணக்கில் சொல்கிறோம்,
அவர்கள் பாகையில் கேட்கிறார்கள்.
மூன்றே முக்கால் மணி என்றது
மூன்றே முக்கால் பாகையாகி
வானத்தின் வேறொரு தெருவில்
கதவைத் தட்டியிருக்கிறது,
எட்டாவது மெயின் என்று சொன்னால்
எட்டாவது கிராஸில் நின்றுகொண்டு
‘மேடம், பிரியாணி’ என்று போன் செய்கிற பையனைப் போல.

பதினைந்தால் பெருக்கினேன். ஒரே வரி.

இந்த முறை வந்தார்கள்,
கூடவே ஆயிரத்துச் சொச்சம் பேர்.
திரை வெளுத்துப்போனது.
இத்தனை பெரிய நட்சத்திரங்களா அங்கே?
பிரகாசக் கணக்கு தலைகீழானது,
எண் இறங்க இறங்க ஒளி ஏறும்.
பூஜ்யம் என்றால் அபிஜித்.
பட்டியலில் சில கட்டங்கள் காலி.
காலியைக் கண்ட இடத்தில் எல்லாம்
பூஜ்யம் போட்டது என் நிரல்.
யாருமே அளந்திராத இருநூற்றுப் பதினேழு பேர்
அபிஜித்துகளாக எரிந்துகொண்டிருந்தார்கள்.
நடுவில் கார்த்திகை,
மூக்குத்திக் கல் அளவுக்கு.

அழகாகத்தான் இருந்தது.
படம் பிடித்து வைத்தேன், யாருக்கும் அனுப்பவில்லை.

போன மாதம் போலீஸுக்குத் தரும்
வாடகைதாரர் படிவத்தில்
கணவர் பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டிருந்தேன்.
வீட்டுக்காரரின் மகன் ஹர்ஷவர்த்தன்
உதவியாக நினைத்து
பச்சை மையில் ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தார்.
ஜெயநகரில் இருக்கிறார்.
மாதம் ஒருமுறை குடும்ப நீதிமன்ற வராந்தாவில்
பார்க்கிறேன், எதிர் பெஞ்சில்,
அதே நீல டிபன் பையோடு.
அடுத்த வாய்தா பதினான்காம் தேதி.
படிவத்தைத் திருப்பி வாங்கவில்லை.

பூஜ்யத்தை எடுத்துவிட்டேன்.
காலி வந்தால் காலியாகவே இருக்கட்டும்.
ஆனால் வரையாமல் விட்டால் ஆளே இல்லை என்றாகும்.
அதனால் மெல்லிய வளையம்,
உள்ளே கறுப்பு.

சிலியில் இருந்து கோன்சாலோ கேட்டார்:
எல்லாம் சரி, இந்த ஓட்டை வளையல்கள் எதற்கு?
இங்கே ஆள் உண்டு, எவ்வளவு வெளிச்சம் என்று தெரியாது
என்று எழுதினேன்.
அவர் ஊரில் அப்போது மாலை ஐந்தரை.
நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு ஒரு ‘சரி’.
சர்வர் தூங்கிவிட்டால் எத்தனை விநாடி காத்திருப்போம்
என்று இன்னொரு கேள்வி.
முப்பது என்றேன். குறைவு என்றார்.

மணி மூன்று. கரண்ட் போய்
யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸில்
பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறது.
பால்கனிக்கு வந்தேன்.
கிழக்கே, அப்பார்ட்மெண்ட் கிரேனுக்கு மேலே
அவர்கள் ஏறியிருக்க வேண்டும் இந்நேரம்.
ஆரஞ்சு நிற மேகம்தான்.
ஆனாலும் அதே மூன்று எண்களோடு அண்ணாந்தேன்.
கூம்பின் முனை
கழுத்து வலிக்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது.